ஓட்டிப் பார்க்காதவர்கள்

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும் தயவுசெய்து மூடி எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன். எங்கள் பள்ளியில் யாருக்கும் காட்ட வேண்டாம். என் அப்பாவுக்குக் காட்டவே வேண்டாம். இது என் சிநேகிதி ஒருத்திக்கு எழுதுவது. அவள் இதைப் படிக்கப்போவதில்லை. கிழித்துப் போட்டாலும் எனக்குச் சம்மதம்தான். யாருக்கும் காட்டாமல் இருந்தால் போதும்.

இனி உன்னிடம் பேசுகிறேன்.

உன் லேப்டாப் என் கட்டிலில் இருக்கிறது. அதன் விசிறி சுற்ற ஆரம்பித்ததும் அடியிலிருந்து சூடான தூசியின் வாசனை வந்தது. பள்ளியில் உன் அண்ணனுக்குக் கொடுத்து, அவன் வேலைக்குப் போன பிறகு உனக்கு வந்தது இது. இந்த வாசனை வரும்போதெல்லாம் நீ மூக்கைச் சுருக்கிக்கொண்டு, "வெந்துக்கினு இருக்குது பாரு, நம்ம மிஸ் மண்ட மாதிரி உள்ள ஒண்ணும் இல்லாம சூடு மட்டும்" என்பாய். இன்றைக்கு அதே வாசனை வந்தது. அதைச் சொல்ல ஆள் இல்லை. வெளிச்சம் தெரியாமல் இருக்கக் கதவின் கீழே போர்வையைச் சுருட்டி வைத்துவிட்டு, பழைய ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன்.

நாளைக்குப் பள்ளியில் கண்காட்சி. எனக்குப் பயமாக இருக்கிறது. அதைவிட அதிகமாக அருவருப்பாக இருக்கிறது. உன்னிடம்தான் சொல்ல முடியும். மனிதர்களை மட்டமாக நினைப்பதை இவ்வளவு சுத்தமாகச் செய்தவள் உன்னைத் தவிர எனக்குத் தெரிந்து யாரும் இல்லை.

பிளஸ் ஒன் சேர்ந்த புதிதில், லேபில் கடைசி மெஷின் முன்னால் நீ தனியாக உட்கார்ந்திருந்தாய். அருகில் வந்து எட்டிப் பார்த்த என்னிடம், கேட்காமலேயே சொன்னாய். ஒரே நிரல், அதாவது ப்ரோக்ராம், காஞ்சிபுரத்தில் ஓடினால் தமிழில் தேதி சொல்ல வேண்டும், ஹைதராபாத்தில் ஓடினால் தெலுங்கில் சொல்ல வேண்டும். எண்ணில் காற்புள்ளி எங்கே விழும், பெயர்களை எந்த வரிசையில் அடுக்குவது, ஒரு சொல் எங்கே முடிகிறது என்பதெல்லாம் மொழிக்கு மொழி வேறு. யார் யாரோ எங்கெங்கோ உட்கார்ந்து அத்தனையையும் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிறார்கள். அந்தத் தொகுப்பை லைப்ரரி என்கிறார்கள். அதற்குள்ளே சாம்பிள்ஸ் என்று ஒரு ஃபோல்டர். எப்படிப் பயன்படுத்துவது என்று காட்டுவதற்காக எழுதிய குட்டிக் குட்டி நிரல்கள் அதில் இருந்தன.

மிஸ் வந்து பார்த்தார். "இதெல்லாம் சிலபஸ்ல இல்லமா" என்றார். அவர் நமக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ் நடத்துகிறவர் என்பதை நான் இங்கே எழுதித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் யாரும் நம்ப மாட்டார்கள். ரெக்கார்டு நோட்டில் அவுட்புட் ஒட்டும்போது, பிழை என்று வந்த வரிகளைக் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டு மீதியை ஒட்டச் சொன்னவர் அவர். மற்ற முப்பது பேரும் வெட்டினோம். நீ மட்டும் பிழையோடு ஒட்டினாய். மதிப்பெண் குறைத்தார். "நெஜம் வந்தா குறைப்பாங்க, இன்னா பண்றது" என்று நோட்டை வாங்கிக்கொண்டு போனாய்.

உன்னிடம் ஒரு பழக்கம் இருந்தது. எந்தச் சாம்பிளையும் முதலில் தொடமாட்டாய். "மொதல்ல அவங்க எழுதினத அப்படியே ஓட்டு. ஒரு எழுத்த தொடாத. அது ஓடினாதான் உன் புத்திய காட்டணும்" என்பாய். யாராவது ஒன்றைப் பற்றி விளக்கம் சொல்ல ஆரம்பித்தால், "ஓட்டிப் பாத்தியா? இல்லன்னா பேசாத" என்று வாயை அடைத்துவிடுவாய். என் வாயை எத்தனை தடவை அடைத்திருப்பாய் என்று கணக்கே இல்லை.

சாம்பிளை ஓட்டுவதற்கு முன்னால் லைப்ரரியையே நம் மெஷினில் கட்ட வேண்டியிருந்தது. 'மேக்' என்று ஒரு சொல் அடித்தால் போதும், திரையில் வரிகள் மேலேறிக்கொண்டே இருக்கும். லேபின் கிழட்டு மெஷினுக்கு அதற்கு ஒரு சாயங்காலம் முழுவதும் பிடிக்கும். உனக்கு அது வசதியாகப் போயிற்று. நீங்கள் சமணர்கள், உங்கள் வீட்டில் பொழுது சாய்ந்த பிறகு யாரும் சாப்பிடுவதில்லை, திருப்புட்குழிப் பக்கம் உன் பஸ் போய்ச் சேரும்போது இருட்டிவிடும். அதனால் ராத்திரிச் சாப்பாட்டையும் காலையிலேயே கட்டிக்கொண்டு வருவாய். மேக் அடித்துவிட்டு, டப்பாவை எடுத்துக்கொண்டு லேபுக்கு வெளியே படியில் போய் உட்காருவாய்.

கூடப் படித்த பெண்கள் சிரித்தார்கள். "இன்னாடி, நாலரைக்கே நைட்டு டிபனா?"

"ஆமா. நீங்க பத்து மணிக்கு துன்னுட்டு அப்படியே சாஞ்சிடறீங்க இல்ல, அந்த வயிறு பேசுது" என்றாய்.

நீ சாப்பிடும்போது திரையைக் காவல் காப்பது என் வேலை. "எர்ரர்னு வந்தா கத்து" என்பாய்.

"வர வரியெல்லாம் வேகமா ஓடுதுடி. எப்படித் தெரியும்?"

"அத்தகூட படிக்கத் தெரியலன்னா உங்கப்பாவ கூட்டிக்கினு வா. மைக்க புடிச்சி சத்தமா படிப்பாரு."

அப்பா கட்சியில் வட்டச் செயலாளர் என்பதற்காக நீ என்னை விட்டதே இல்லை. எனக்குக் கோபம் வரும். ஆனால் படியிலிருந்து புளிசாத வாசனை வரும், வரிகள் ஏறிக்கொண்டிருக்கும், கோபத்தோடு காவல் இருப்பேன்.

கட்டி முடிந்த அன்று முதல் சாம்பிளை ஓட்டினாய். ஓடவில்லை. லைப்ரரியைக் காணவில்லை என்று ஒரே வரி. மிஸ் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "வைரஸ்மா. ஃபார்மட் பண்ணிடலாம்" என்றார்.

"வைரஸ் இல்ல மிஸ். வீட்ட கட்டிட்டோம், அட்ரஸ் குடுக்கல" என்றாய். இரண்டு சாயங்காலம் அந்த முகவரிக்காகத் தேடினாய். மூன்றாம் நாள், லைப்ரரி இருக்கும் இடத்தை ஒரு வரியில் அடித்துக் காட்டிவிட்டு மறுபடி ஓட்டினாய். அன்றைய தேதி தமிழில் வந்தது, 'வியாழன்' என்று கிழமையோடு. மொழியை மாற்றினாய், தெலுங்கில் வந்தது. மறுபடி மாற்றினாய், எனக்குத் தெரியாத ஏதோ ஓர் எழுத்தில் வலமிருந்து இடமாக வந்தது. நான் குதித்தேன். நீ, "ம். ஓடுது" என்றாய். உன் வாயிலிருந்து வந்த மிகப் பெரிய பாராட்டு அதுதான். அதுவும் யாரோ எழுதிய நிரலுக்கு.

அதற்குப் பிறகுதான், அண்ணனின் லேப்டாப் உன் கைக்கு வந்ததும், நீ அறிவிப்பு நிரலைச் செய்தாய். நம் ஊர்க் கோயில்கள் மதியம் நடை சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறக்கும். அது தெரியாமல் ஆந்திராவிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் பஸ்களில் வந்து இறங்குபவர்கள் வெயிலில் சுருண்டு உட்கார்ந்திருப்பதை நாம் தினமும் பார்க்கிறோம். திரையில் இருக்கும் ஐந்து மொழிகளில் தங்கள் மொழியை மவுஸால் தொட்டால் அன்றைய தேதியும் நடை திறக்கும் நேரமும் அந்த மொழியில் வர வேண்டும். சாம்பிள்களில் ஒன்று, மொழிக்கொரு கோப்பில் வாசகங்களை வைத்துக்கொண்டு, கேட்கும் மொழியில் எடுத்துக் காட்டும். அதை எடுத்துக்கொண்டாய். எங்கள் தெருவில் தறி வைத்திருக்கும் தெலுங்கு பேசும் வீட்டு அக்காவிடம் நான் தெலுங்கு வரிகளை எழுதி வாங்கி வந்தேன். இதில் என் பங்கு அவ்வளவுதான். அதை இப்போதே எழுதிவைக்கிறேன்.

அதிலும் ஒரு தப்புச் செய்தேன். தெலுங்குக் கோப்புக்கு வேறு ஏதோ பெயர் வைத்துவிட்டேன். மிஸ்ஸும் தலைமை ஆசிரியையும் பார்க்க நின்றபோது தெலுங்கைத் தொட்டாய். திரையில் ஆங்கிலம் வந்தது. மிஸ் கை தட்டினார். "சூப்பர், அவுட்புட் வந்துடுச்சி!"

"வந்தது தெலுங்கு இல்ல மிஸ்."

"ஏதோ ஒண்ணு வந்துச்சில்ல, எர்ரர் இல்லாம?"

அன்று பஸ் ஸ்டாண்டு வரை நீ திட்டிக்கொண்டே வந்தாய். கேட்ட மொழி கிடைக்காவிட்டால் அந்த லைப்ரரி கத்தாது, தன்னிடம் எப்போதும் இருக்கும் ஒன்றை எடுத்து அந்த இடத்தில் வைத்துவிடும், கிடைக்கவில்லை என்று ஓரமாக ஓர் எச்சரிக்கையை மட்டும் விடும் என்று விளக்கினாய். "மெஷினாவது ஓரமா சொல்லுது. இவங்க கேட்டது வேற, வந்தது வேற, வந்ததுக்குக் கை தட்றாங்க. இவங்க பாடம் நடத்தி நாம பாஸாவணும்."

ஐப்பசி மழையில் உனக்குக் காய்ச்சல் வந்தது. ஆறு நாள். அதைப் பற்றி எழுத மாட்டேன். எழுதினால் அழுவேன், அழுதால் சத்தம் வெளியே கேட்கும்.

பிரேயரில் உனக்காக ஒரு நிமிடம் மவுனம் என்றார்கள். மிஸ் செல்போனைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் மனதுக்குள் எண்ணினேன். நாற்பது வருவதற்குள், "தேங்க்யூ சில்ட்ரன்" என்றார்கள். நிமிடத்தைக்கூட ஓட்டிப் பார்க்காதவர்கள். நீ இருந்திருந்தால் மீதி இருபதை எங்கே என்று கேட்டிருப்பாய்.

பத்து நாள் கழித்து உன் அம்மா லேப்டாப்பைத் துணிப்பையில் வைத்து எடுத்துக்கொண்டு வந்தார். 'ஸ்கூல் ப்ராஜெக்ட், சப்மிட் பண்ணணும்' என்று மிஸ் போன் செய்து கேட்டிருந்தாராம். என்னைப் பார்த்ததும் உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவ என்னமோ ஓட்டிக்கினே இருப்பாமா. இன்னாடி அதுன்னு கேட்டா, முடியட்டும் காட்டறேன்னுவா. நீ கூடவே இருந்தியாமே. ஒரு தபா ஓட்டிக் காட்டுமா, பாத்துட்டுப் போயிடறேன்."

நான் மிஸ்ஸைப் பார்த்தேன். பீரியட் நேரம், வேண்டாம் என்று தலையை ஆட்டினார். நான் உன் அம்மாவிடம், "சார்ஜ் இல்ல ஆன்டி" என்றேன்.

சார்ஜ் இருந்தது. மிஸ் மூடியைத் திறந்திருந்தார், பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உன் அம்மாவும் அந்த விளக்கைப் பார்த்தார். "சரிமா, நல்லா படி" என்று சொல்லிவிட்டுப் பையை உதறி மடித்துக்கொண்டு போனார். மிஸ்ஸை நான் எவ்வளவு வேண்டுமானாலும் மட்டமாக எழுதலாம். அந்தப் பொய்யைச் சொன்ன வாய் என்னுடையது.

பிறகு அப்பா ஏதோ வேலையாகப் பள்ளிக்கு வந்தார். மிஸ் எழுந்து நின்று, உன் லேப்டாப்பைக் காட்டி, "உங்க பொண்ணும் சேர்ந்து செஞ்சதுதான் சார்" என்றார். அன்று வீட்டில் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் அப்பா எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டார்.

"செத்துப் போன பொண்ணு பேர போட்டா மேடையில வந்து யாரு நிப்பா? உன் பேர போடு. கலெக்டர் வராரு, நானும் மேடையில இருப்பேன்."

"அது அவ செஞ்சதுப்பா."

"நீ கூட இருந்தியா இல்லியா?"

"இருந்தேன்."

"அப்புறம் இன்னா? அந்தப் பொண்ணுக்கு ஒரு நிமிஷம் மவுனமா நிக்கச் சொல்லிடறேன். போதாதா?"

நான் வாயைத் திறந்தேன். அப்பா தட்டில் கையை உதறிவிட்டு மெதுவாகத்தான் சொன்னார். அவர் கத்தும்போது எனக்கு அவ்வளவு பயம் இருக்காது. "மேடையில ஏதாவது கோக்குமாக்கு பண்ணி என் மானத்த வாங்கின, அதோட ஸ்கூலு கட். மாகறல்ல பெரியப்பா வூட்ல கொண்டு போய் வுட்டுடுவேன். மாடு மேய்ச்சிக்கினு இரு." அம்மா ரசத்தை ஊற்றிக்கொண்டே இருந்தார். அப்பா சொன்னதைச் செய்பவர். என் அக்காவின் படிப்பை அப்படித்தான் நிறுத்தினார்.

உன்னைத் தேடினார்கள், கிடைக்கவில்லை, எப்போதும் கையருகில் இருக்கும் என்னை எடுத்து உன் இடத்தில் வைத்துவிட்டார்கள். நாளைக்கு எல்லோரும் கை தட்டுவார்கள்.

இனிமேல்தான் நீ சிரிக்கப்போகும் இடம். உன் நிரல் ஒவ்வொரு மொழியிலும் கடைசி வரியாக 'உருவாக்கியவர்' என்று உன் பெயரைக் காட்டும் இல்லையா? நேற்று மிஸ் பள்ளியில் வைத்திருந்த லேப்டாப்பை எடுத்து, மொழிக் கோப்புகள் ஐந்தையும் திறந்து, உன் பெயரை அழித்து என் பெயரைத் தன் கையாலேயே அடித்தார். சேவ் செய்தார். "முடிஞ்சுதுமா. வீட்டுக்கு எடுத்துக்கினு போய் ஸ்பீச் மட்டும் ப்ராக்டிஸ் பண்ணு" என்றார்.

அவ்வளவுதான் செய்தார். ஓட்டிப் பார்க்கவில்லை.

இன்று சாயங்காலம் நான் ஓட்டினேன். நீ சொன்ன மாதிரி எதையும் தொடாமல் அப்படியே ஓட்டினேன். தமிழைத் தொட்டேன், உன் பெயர் வந்தது. தெலுங்கிலும் உன் பெயர். ஐந்து மொழியிலும் நீதான் நின்றாய். மறுபடி ஓட்டினேன், மறுபடியும் நீதான். பிறகு புரிந்ததும் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தேன். கோப்பில் எழுத்தை மாற்றினால் போதாது, மேக் அடித்து மறுபடி கட்ட வேண்டும். கட்டாத வரைக்கும் நிரல் பழைய வாசகங்களைத்தான் காட்டும். இருபது வருடமாக இதைச் சொல்லிக்கொடுப்பதாகச் சொல்லிக்கொள்பவருக்கு அது தெரியவில்லை. திருடுவதற்குக்கூட முழுசாகத் தெரியவில்லை.

ராத்திரிச் சாப்பாட்டில் அப்பா கேட்டார், "எல்லாம் ரெடிதானே?" நான் தலையை ஆட்டினேன்.

சாப்பிட்டதும் அறைக்கு வந்து இரண்டு வழியையும் யோசித்தேன். நான் மேக் அடித்தால் நீ ஐந்து மொழியிலும் அழிந்துபோவாய், நான் பள்ளிக்குப் போவேன். அடிக்காமல் விட்டால் நாளைக்குக் கலெக்டர் எதிரில் உன் பெயர் வரும். அப்போது நான் கண்ணை அகல விரித்து, "எனக்குத் தெரியாதுப்பா, மிஸ்தான் மாத்தினாங்க" என்று சொல்லிக்கொள்ளலாம். மிஸ்ஸுக்குத் திட்டு விழும், எனக்கு விழாது. நெடுநேரம் இந்த இரண்டாவதுதான் எவ்வளவு அழகாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிறகு நீ என்ன சொல்லியிருப்பாய் என்று யோசித்தேன். "சீ. மிஸ் வேலைய ஒழுங்கா பாத்திருந்தா நீ என்னை அழிச்சிருப்ப" என்றிருப்பாய். ஆமாம், அழித்திருப்பேன். ஒருத்தி தன் வேலையை அரைகுறையாகச் செய்ததால் வெளியே வரும் உண்மைக்குப் பின்னால் நான் ஒளிந்துகொள்ளப் பார்த்தேன். சார்ஜ் இல்ல ஆன்டி என்று சொன்னவளுக்கும் இவளுக்கும் என்ன வித்தியாசம்?

அதனால் கோப்புகளைத் திறந்தேன். ஐந்திலும் என் பெயரை எடுத்துவிட்டு உன் பெயரைப் போட்டேன். அதற்குக் கீழே இன்னொரு வரி சேர்த்தேன், 'ஓட்டிக் காட்டுபவர்' என்று என் பெயரோடு. தெலுங்கில் அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. தறி வீட்டு அக்காவிடம் ஓடி, காய்ந்துகொண்டிருந்த துணியை எடுத்துவரும் சாக்கில் எழுதி வாங்கி வந்தேன். மேக் அடித்தேன். ஒரு கோப்பில் மேற்கோள்குறியை மூடாமல் விட்டிருந்தேன், எர்ரர் வந்தது. வெட்டி ஒட்டாமல் படித்துத் திருத்தினேன். மறுபடி அடித்தேன். ஓடுது. இப்போது யாரும் இதைத் தற்செயல் என்று சொல்ல முடியாது. என் பெயர் இருக்கிறது, நான் செய்த வேலைக்கு மட்டும்.

அம்மாவின் போனிலிருந்து உன் அம்மாவுக்கும் பேசிவிட்டேன். "நாளைக்குப் பத்து மணிக்கு வாங்க ஆன்டி. ஓட்டிக் காட்டறேன்" என்றேன். "சார்ஜ் இருக்குதாமா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். போனில் அந்த நம்பரை அழிக்க மறந்துவிட்டேன் என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது.

உன்னுடைய தைரியம் எனக்கு வரவில்லை, வராது. உன்னிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது அந்த இளக்காரம் ஒன்றுதான். முதலில் மிஸ்மேல் வந்தது, பிறகு அப்பாமேல், இன்றைக்கு என்மேலேயே வந்துவிட்டது. என்மேல் வந்த பிறகுதான் அதனால் ஏதாவது செய்ய முடிந்தது. மாகறலில் கொண்டுபோய் விட்டாலும் அதை என்னிடமிருந்து யாரும்

கதவைத் தட்டுகிறார்கள். அப்பா. "கதவ தொற. யாருக்குடி போன் பண்ண?" லேப்டாப்பை எங்கே வைப்பது, இந்த நோட்டை